மஸ்கட்டில் அக்கா பார்க்க வேண்டிய இடங்கள்

மஸ்கட் சிறை
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மேனகா அக்காவுக்கு, தம்பி வெங்கடேஷ் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம் என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். உயிரோடு இருக்கிறேன். நீங்களும் கவியாவும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

போனில் என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுவதால் இதை எழுதுகிறேன். மேக்ஸ்வெல் அண்ணன் தபாலில் போடுவார். நாகர்கோவில்காரர், இங்கே ரூவியில் வேலை. ஜெயிலில் கிடக்கிற நம்மூர் ஆட்களை மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார்.

டிசம்பரில் எனக்குத் தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. மச்சானை வேண்டுமென்றே வண்டி ஏற்றிக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறார்கள். செத்தவரின் வாரிசுகள் நேரில் வந்து நீதிபதி முன்னால் மன்னித்தோம் என்று சொன்னால் தூக்கு இல்லையாம். மச்சானுக்கு அப்பா அம்மா இல்லை. நீங்களும் கவியாவும்தான் வாரிசு. கவியா சின்னப் பிள்ளை என்பதால் அவளுக்கும் சேர்த்து நீங்களே சொல்லலாம் என்கிறார் வக்கீல். வருகிற டிசம்பர் 15ஆம் தேதி கோர்ட்டில் உங்களைக் கேட்பார்கள். டிக்கெட்டுக்கு இங்கே இருக்கிற தமிழ் ஆட்கள் ஏற்பாடு செய்வார்கள். வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, அக்கா.

ஒருவேளை வருவதாக இருந்தால் கோர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மச்சான் இங்கே டூரிஸ்ட் வேன் ஓட்டிய நாளிலிருந்து, உங்களைக் கூட்டி வந்து மூன்று நாள் ஊர் காட்ட வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருந்தார். எந்த இடம் முதலில், எது கடைசியில் என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அது என் ஒருத்தனுக்குத்தான் தெரியும். என்னோடு போய்விடக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஏர்போர்ட்டிலிருந்து ரூவிக்குச் சிவப்புக் கலர் பஸ் இருக்கிறது. டாக்சிக்காரர்கள் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நடங்கள். பஸ்ஸில் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை தெரியும். பேருக்கு ஒரு மரம்கூட இல்லாத மலை. "உங்கொக்கா பாத்தான்னா, இந்த மலையோட சட்டைய ஆருங்க கழட்டுனதுன்னு கேப்பாடா" என்று மச்சான் சிரிப்பார். இடது பக்கம் உட்கார வேண்டாம். கடலைக் கடைசி நாள்தான் காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

மற்றது அடுத்த கடிதத்தில். அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வெங்கடேஷ்

*

தலைச்சோலை
20 மார்ச் 2024

வெங்கடேஷுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. என்னால் கேட்க முடியவில்லை. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஊர் சுற்றிப் பார்க்கவா என்னைக் கூப்பிடுகிறாய்? பாஸ்போர்ட் ஆபீசில் கேட்டால் என்ன சொல்லட்டும்? புருஷன் செத்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கிறதாம், தம்பி எழுதியிருக்கிறான் என்றா? பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றவன் இப்போது நீங்கள் போட்டு எழுதுகிறாய். கலெக்டருக்கு மனு எழுதுவதுபோல இருக்கிறது. அந்த வேஷம் வேண்டாம்.

அம்மா செம்மநத்தத்திலிருந்து வந்து பத்து நாளாக இங்கேதான் இருக்கிறாள். தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறாள். "ஒண்ணு போயிருச்சு கண்ணு. இன்னொண்ணயும் நீயே தள்ளி உடுவியா?" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனது என் புருஷன் என்பது அவளுக்கு மறந்தேபோய்விட்டது. நேற்று பொறுக்க மாட்டாமல், "ஏம்மா, நான் உனக்குப் பொறக்கலயா?" என்று கத்திவிட்டேன். 

நீயும் அவரும் பதினைந்து வருஷம் ஏற்காடு ஸ்டாண்டில் ஜீப் ஓட்டினீர்கள். இருபது ஹேர்பின் வளைவிலும் வெங்கடேஷ் வண்டியில் ஒரு கீறல் விழாது என்று அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லுவார். அந்தக் கையா வண்டியை உருள விட்டது? ஹேண்ட் பிரேக் போட்டேன், அது பிடிக்கவில்லை என்று நீ கோர்ட்டில் சொன்னாயாம். வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்களாம். அன்று காலையில் உங்கள் ரெண்டு பேருக்கும் சண்டை என்றும் மேக்ஸ்வெல் போனில் சொன்னார். என்ன சண்டை? அதை எழுது. மலைக்குச் சட்டை இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

வாசலில் மிளகு காய்கிறது. மழை கட்டுகிறது, அள்ள வேண்டும். 

மேனகா

*

மஸ்கட் சிறை
18 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும் என்று இருந்தது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எனக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. மிளகு நனையாமல் அள்ளினாயா?

சண்டை எல்லாம் டிரைவர்களுக்குள் எப்போதும் வருவதுதான். பெரிதாக ஒன்றும் இல்லை.

நீ வியாழக்கிழமை வந்து இறங்கினால் மறுநாள் வெள்ளிக்கிழமை, இங்கே எல்லாம் மூடிக் கிடக்கும். புது ஆட்கள் அன்றைக்கு எங்கேயாவது கிளம்பி, பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நீ அப்படிச் செய்யாதே. காலையில் பழைய மஸ்கட்டில் இருக்கிற சிவன் கோயிலுக்குப் போ. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராஜாவின் அரண்மனை. நீலமும் தங்கமுமாகத் தூண்கள் இருக்கும். உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். ரெண்டு பக்கமும் பாறைமேல் கோட்டைகள் இருக்கின்றன, அதிலும் ஏறிவிட முடியாது. போட்டோ எடுக்கலாம், ஆனால் அங்கே நடமாடுகிற பொம்பளைகளை எடுக்கக் கூடாது, போலீஸ் வரும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரிய மசூதி. பதினொரு மணிக்குமேல் நம்மைப் போன்றவர்களை விடமாட்டார்கள். கை மணிக்கட்டு வரைக்கும், கால் கணுக்கால் வரைக்கும் மூடியிருக்க வேண்டும், தலைக்கு முக்காடு. முழுக்கை ஜாக்கெட் ஒன்று தைத்துக்கொள். வாசலில் அங்கி வாடகைக்குக் கொடுப்பார்கள், அது ஊரே போட்டுக் கழட்டியது. உள்ளே ஒரே கம்பளம், நம்ம தலைச்சோலை ஸ்கூல் மைதானத்தை மூடினாலும் மீதி இருக்கும். விரிப்புமேல்தான் நடக்க வேண்டும், கம்பளத்தை மிதித்துவிடாதே. 

"டூரிஸ்ட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு எடம் போதும்டா. மூணாவது எடத்துல அவன் காலத்தான் பாப்பான்" என்பார் மச்சான். நீயும் அப்படியே செய்.

கவியாவுக்குப் பரீட்சை எப்படி? பதில் போடு.

வெங்கடேஷ்

*

தலைச்சோலை
2 ஜூன் 2024

வெங்கடேஷுக்கு,

இருமல் விட்டது என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். எதுக்கும்மா மஸ்கட்டு என்று கேட்டார். வீட்டுக்காரர் சம்பந்தமாக என்றேன். தம்பி என்கிற வார்த்தை என் வாயில் வரவில்லை. பாஸ்போர்ட் எடுப்பதால் வருகிறேன் என்று அர்த்தம் இல்லை. அம்மாவின் வாயை அடைக்க எடுக்கிறேன். வந்தாலும் நீதிபதி முன்னால் என்ன சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது.

கவியாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா ஆக்சிடெண்ட்டில் போனார், மாமா அங்கேயே வேலையில் இருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். "மாமா ஏம்மா போனே பண்றதில்ல?" என்று கேட்கிறாள். எட்டாவது போகிறாள். இன்னும் எத்தனை நாளைக்கு அவளிடம் கதை சொல்ல முடியும் என்று தெரியவில்லை.

கோடை விழாவுக்கு இந்த வருஷம் கூட்டம் அதிகம். ஸ்டாண்டில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்கிறவர்களும், கோபக்காரப் பயல் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியவில்லை. அவர் செத்ததற்கு அழுவதா, நீ சாகப்போவதற்கு அழுவதா என்றும் தெரியவில்லை. அதனால் அழவே இல்லை, நெஞ்சு கல்லாக இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. சண்டை எதற்கு? பிரேக் போட்டாயா? இந்த இரண்டுக்கும் பதில் வராமல் நான் ஏரோப்ளேன் ஏறமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மேனகா

*

மஸ்கட் சிறை
5 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மா இரண்டு வேளை சாப்பிடுவதைப் படித்து, நானும் இன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மத்ரா என்று ஒரு இடம், துறைமுகத்தை ஒட்டி. அங்கே மீன் மார்க்கெட் காலை ஒன்பதுக்குமேல் வெறும் வாடைதான், அதை விட்டுவிடு. பழைய பஜார் பகல் ஒரு மணிக்குச் சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குமேல்தான் திறக்கும். சாம்பிராணி வாங்கு. முதல் கடையில் வாங்காதே, உள்ளே போகப் போக விலை குறையும். பஜாருக்குள் வழி தவறினால் கீழே சரிகிற பக்கமாக நட, ரோட்டுக்கு வந்துவிடுவாய். ரோட்டைத் தாண்டினால் கடல். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே வந்து நிற்கிற மாதிரி பார்த்துக்கொள் என்பதுதான் மச்சான் திட்டத்தின் கடைசி வரி.

நீ கேட்டதைப் பிறகு எழுதுகிறேன். எழுதக்கூடாது என்று இல்லை. தாள் எடுத்தால் கை வேறு எதையோ எழுதிவிடுகிறது.

வெங்கடேஷ்

*

தலைச்சோலை
28 ஜூலை 2024

வெங்கடேஷுக்கு,

நாங்கள் நலம்.

மூடுபனி நாளில் டூரிஸ்ட்டை லேடீஸ் சீட் மலை முனைக்குக் கூட்டிப்போய், எதுவும் தெரியாத வெள்ளைக்கு நேராகக் கையை நீட்டி, "அதா பாருங்க சார், சேலம் டவுனு, அதா ரயில்வே லைனு" என்று நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுவீர்களே, எனக்கும் அதே மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறாய். நான் டூரிஸ்ட் இல்லை.

உண்மை இருந்தால் எழுது. இல்லையென்றால் இதுவே கடைசிக் கடிதமாக இருக்கட்டும்.

மேனகா

*

மஸ்கட் சிறை
25 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது கவியா பக்கத்தில் இருந்தால் பிறகு படி.

நம்ம ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் என்று உனக்குத் தெரியும். ஏற்றத்தில் நிறுத்தினால் இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, இறங்கி டயருக்குக் கல் வைப்போம். பதினைந்து வருஷமும் அப்படித்தான். இங்கே வண்டியில் ஆள் இருந்தால் ஏசிக்காக இன்ஜினை அணைக்க மாட்டார்கள். நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக் போட வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கையே வரவில்லை. பிரேக்கையும் போட்டுவிட்டு இறங்கிக் கல்லும் வைப்பேன். அதற்காகவே சீட்டுக்கு அடியில் ஒரு கல் வைத்திருந்தேன். மற்ற டிரைவர்கள் கல்லுக்காரன் என்று கேலி செய்வார்கள்.

மச்சானுக்கு அது மானப் பிரச்சினை, என்னைக் கூட்டி வந்தவர் அவர்தானே. அன்றைக்குக் காலையில் ரூவியில் எல்லோர் முன்னாலும் சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கல்லை எடுத்து ரோட்டில் வீசினார். "இது என்ன தலைச்சோலை ஜீப்பாடா? கையி எதுக்குடா இருக்குது? பிரேக்கப் புடி, போதும்" என்று சொல்லி ஓங்கி ஒன்று அறைந்தார். எல்லோரும் சிரித்தார்கள். "இந்த வண்டியிலயே நீ ஒரு நாளைக்குப் போயிருவ, பாரு" என்று நான் சொன்னேன். சேலத்துக்கார டிரைவர் ஒருத்தர் அதைக் கேட்டு கோர்ட்டில் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை.

மத்தியானம் அமராத் மலை ஏற்றத்தில் ஊர் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். அன்றைக்குக் கைடாகக் கூட வந்த மச்சான் முதலில் இறங்கி, வண்டிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று ஆட்களைக் கூப்பிட்டார். டயர் ஒரு சின்னப் பள்ளத்தில் இருந்ததால் வண்டி அசையவில்லை. என் கை பிரேக்குக்குப் போனது. கன்னம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. நீ சொல்லி நான் புடிக்கணுமா என்று கையை எடுத்துக்கொண்டேன். கல்லும் வைக்கவில்லை. டூரிஸ்ட்டுகள் ஒவ்வொருவராக இறங்கின ஆட்டத்தில் வண்டி பள்ளத்தை விட்டு நழுவிப் பின்னால் போனது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் சுவர் வந்துவிட்டது.

கையை எடுத்துக்கொண்டது ரெண்டு நொடி இருக்கும், அக்கா. அவர் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. சாகக் கூடாது என்றும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. கோர்ட்டில் பயத்தில் பிரேக் போட்டேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் பிடிபட்டதும் நான் சொன்ன மற்ற எதையும் அவர்கள் நம்பவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இனி நீ என்ன செய்தாலும் சரி.

வெங்கடேஷ்

*

மஸ்கட் சிறை
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கடிதம் வந்து சேர்ந்தது என்று மேக்ஸ்வெல் அண்ணன் சொன்னார். அது போதும்.

நீ வராவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். அம்மா அழுதால் மட்டும் கோபப்படாதே.

ஒருவேளை வந்தால், போன கடிதங்களில் மறந்துவிட்டதை எழுதுகிறேன். ரூவி பஸ் ஸ்டாண்டில் கக்கூஸ் இருக்கிறது. கோயில் பக்கம் தேடி அலையாதே, கிளம்புகிறபோதே போய்விட்டுக் கிளம்பு. டிசம்பரிலும் மத்தியானம் வெயில் அடிக்கும், தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். உனக்கு ஏரோப்ளேனில் காது அடைக்கும், வாயைத் திறந்து மூடு.

  என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

வெங்கடேஷ்

*

தலைச்சோலை
9 நவம்பர் 2024

வெங்கடேஷுக்கு,

அம்மா நலம், கவியா நலம். நான் இருக்கிறேன்.

டிசம்பர் 12ஆம் தேதி வியாழக்கிழமை வந்து இறங்குகிறேன். மேக்ஸ்வெல் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். முழுக்கை ஜாக்கெட் தைத்துவிட்டேன். காப்பிப் பழம் எடுக்கிற நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் ஆள் வைத்து எடுத்துத் தருகிறாள். கவியா அம்மாவோடு இருப்பாள்.

ஆகஸ்ட் கடிதத்தைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். அதை நாலு முறை படித்தேன். உன்னைப் பார்க்க ஜெயிலுக்கு வர மாட்டேன், எதிர்பார்க்காதே.

மேனகா

*

ரூவி, மஸ்கட்
15 டிசம்பர் 2024, பிற்பகல்

வெங்கடேஷுக்கு,

நீ இருக்கிற ஊரிலிருந்தே எழுதுகிறேன். இதை மேக்ஸ்வெல் நாளைக்கு உன் கையில் கொடுப்பார். அதற்குள் நான் ஏரோப்ளேன் ஏறியிருப்பேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கால் மட்டும் வீங்கியிருக்கிறது.

வலது பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்து வந்தேன். அந்த மலையைப் பார்த்ததும் அவர் சொன்ன மாதிரியே சட்டைக் கேள்வி எனக்கும் தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று மேக்ஸ்வெல் கேட்டார். அப்படியே அழ ஆரம்பித்தேன், ரூவி வரைக்கும் அடங்கவில்லை. ரெண்டு வருஷத்து அழுகை.

வெள்ளிக்கிழமை கோயிலும் அரண்மனையும். சனிக்கிழமை காலையில் மசூதி. கம்பளத்தை மிதிக்கவில்லை. மத்தியானம் அமராத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அது அவர் போட்ட வரிசையில் இல்லை, நான் சேர்த்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் புதுச் சிமெண்ட் பூசியிருக்கிறது. அதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. சாயங்காலம் மத்ராவுக்குப் போனோம். கடல் பெரிதாகத்தான் இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று "எப்புடி?" என்று கேட்டிருந்தால் என்னென்னவோ சொல்லியிருப்பேன். கேட்க ஆள் இல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மச்சான் கைநீட்டுகிற ஆள். எனக்குத் தெரியாததா? கல்யாணமாகி ரெண்டாம் வருஷம் ஒரு நாள் என்னை அடித்தார். அன்றைக்கே அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து படுத்தார். தண்ணீ, தண்ணீ என்று முனகினார். எனக்கு நன்றாகக் கேட்டது. காது கேளாதவள்போல அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டு நொடி இல்லை, அரை மணி நேரம். அவர் அன்றைக்குச் சாகவில்லை. அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம். இதை நானும் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை கோர்ட்டில் மன்னித்தேன் என்று சொன்னேன். மொழிபெயர்க்கிறவர் ரெண்டு தடவை கேட்டார், ரெண்டு தடவையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கவியாவுக்கும் சேர்த்து என்று நான் சொன்னதும் நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். மகளின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாதாம். வக்கீல் சொன்னது தப்பு. அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் அவளே இங்கே வந்து, மன்னிக்கிறேனா இல்லையா என்று அவள் வாயால் சொல்ல வேண்டுமாம். அதுவரை உனக்குத் தூக்கு இல்லை. விடுதலையும் இல்லை. அவள் மாட்டேன் என்றால் தூக்குத்தான்.

ஊருக்குப் போனதும் அவளிடம் சொல்ல வேண்டும். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் கையில் கொடுப்பேன், ஆகஸ்ட் கடிதம் உட்பட. இந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்துவிட்டேன், அதையும் கொடுப்பேன். மறைத்து வைத்து ஒரு பிள்ளையிடம் மன்னிப்பு வாங்க எனக்கு மனசு இல்லை. அவளை இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று நானும் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

நான் உன்னை மன்னித்தது நிஜம். இனிமேல் உன் முகத்தைப் பார்க்க முடியாது என்பதும் நிஜம். சோறு தண்ணீர் ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா
மேனகா

*

தலைச்சோலை
16 பிப்ரவரி 2025

மாமாவுக்கு, கவியா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் அம்மாயியும் நலம். அங்கே நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? ஸ்கூலில் கடிதம் இப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

பொங்கல் லீவில் அம்மா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கடிதங்களையும் கொடுத்தார்கள். தேதி வரிசையாகப் படித்தேன். ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. அம்மாவின் டிசம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவோடும் பேசவில்லை. எல்லோரும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது பேசுகிறேன்.

அம்மாயி என் தலையைத் தடவி, "மாமன் பாவம் சாமி, நீதான் மனசு வெக்கோணும்" என்றார்கள். அம்மா வந்து அவர்களைச் சத்தம் போட்டார்கள். அதிலிருந்து வீட்டில் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாவிட்டாலும் நான் எங்கே போனாலும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு பயமாக இருக்கிறது மாமா. நான் பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் எழுதுகிறபோதும் இது இருந்துகொண்டேதானே இருக்கும்?

எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் நாலு வருஷம் எட்டு மாசம் இருக்கிறது. நான் அங்கே வந்து என்ன சொல்லுவேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

எனக்கு ஊர் சுற்றிப் பார்க்க வழி எழுத வேண்டாம். அப்பா மஸ்கட் போனபோது எனக்கு ஏழு வயது. நடுவில் ஒரே ஒரு தடவை நாற்பது நாள் வந்தார். அவரைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. நீங்கள் அவரோடு பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள், ஒரே ரூமில் இருந்திருக்கிறீர்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள். நல்லவராகவே எழுத வேண்டாம். உங்களை அடித்த மாதிரி வேறு யாரையாவது அடித்தாரா, என்னைப் பற்றி என்ன சொல்லுவார், எதற்கெல்லாம் சிரிப்பார், எல்லாம் வேண்டும். நான் யாருக்காக மன்னிக்க வேண்டும் அல்லது மன்னிக்கக் கூடாது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பொய் எழுதாதீர்கள். உடனே பதில் போட வேண்டும் என்று இல்லை, யோசித்து எழுதுங்கள். நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
பெ. கவியா
எட்டாம் வகுப்பு